பீரோவில் இறங்கிய மேகம்

மண்ணூர்பேட்டையில், தொழிற்பேட்டை மதில் முடிகிற சந்தில் உதயகுமாரின் பீரோ பட்டறை இருக்கிறது. தினமும் காலை பத்தேகால் மணிக்கு அந்தச் சந்தின் முனையில் ஒரு ஜோடி தோல் செருப்பு தேயும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டதும் தாட்சாயிணிக்கு வயிறு எரியத் தொடங்கும்.

வருவது தஸ்தகீர் பாய். பூந்தமல்லியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். அவர் வருவதற்குள் தாட்சாயிணி மூன்று மணி நேர வேலையை முடித்திருப்பாள். ஷட்டரைத் தூக்கி, கம்ப்ரசர் தொட்டியின் அடித்திருகைத் திறந்து உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்து, தகரக் கதவுகளில் பட்டி பூசிய இடங்களை எமரித் தாளால் தேய்த்து, துடைத்து, ஒரு பீரோவுக்கு மெரூன் டூக்கோ பெயின்ட்டும் அடித்திருப்பாள். அடிக்கும்போது கண்ணாடிபோல இருக்கும் கதவு, அவள் ஸ்ப்ரே கன்னைக் கீழே வைப்பதற்குள் வெளுத்துவிடும். பால் ஆறினால் மேலே ஆடை படியுமே, அப்படி ஒரு வெள்ளை. தேய்த்தாலும் போகாது.

பாய் வந்து அதைப் பார்ப்பார். வெளுத்த கதவைத் தூக்கி வெளியே வெயிலில் சாய்த்து வைப்பார். எதிர்க்கடையில் இஞ்சி டீ குடிப்பார். திரும்பி வந்து, கன்னில் பெயின்ட்டை நீர்க்கவைக்கும் தின்னரை மட்டும் கொஞ்சம் ஊற்றி, மூச்சு விடுவதுபோல மேலோட்டமாக ஒருமுறை வீசுவார். வெள்ளை மறைந்துவிடும். உள்ளேயிருந்து மெரூன் நிறம் எழுந்து வரும். பட்டறையில் இருப்பவர்கள் எத்தனையோ முறை இதைப் பார்த்துவிட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் சொல்வார், பாய்க்குக் கைராசி என்று.

அந்தச் சொல்லைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தாட்சாயிணிக்கு நாற்பத்து மூன்று வயது. கள்ளிக்குப்பத்தில் வீடு. கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பதினோரு வருடங்களுக்கு முன் எமரி தேய்க்கும் வேலைக்குத்தான் அவள் இந்தப் பட்டறைக்கு வந்தாள். மூன்றாவது வருடம், அப்போதிருந்த பெயின்டர் ஒரு வாரம் சொல்லாமல் நின்றுவிட, முடிக்க வேண்டிய பீரோ நடுவில் நிற்க, யாரையும் கேட்காமல் அவளே கன்னைக் கையில் எடுத்தாள். உதயகுமார் வாசலில் நின்று பார்த்தார். திட்டவில்லை. மறுநாளும் அடிக்கச் சொன்னார். அன்றிலிருந்து அவள் பெயின்டர். வேலை மட்டும்தான் மாறியது. கூலியைப் பொறுத்தவரை அவள் இன்றுவரை எமரி தேய்க்கும் பெண்தான். ஆண் பிடித்தால் கன் தொழில் கருவி, பெண் பிடித்தால் அது ஏதோ உதவிக்குப் பிடிப்பது என்று இந்த ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. அதை எழுதி வைத்தவர் யாரென்று தெரியாது. மாற்ற மட்டும் யாருக்கும் மனம் வருவதில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் பூந்தமல்லியில் ஒரு கார் டிங்கரிங் கடை மூடப்பட்டது. அங்கே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த பாய் இங்கே வந்து சேர்ந்தார். வந்த முதல் மார்கழியிலேயே கைராசிப் பட்டம் கிடைத்துவிட்டது.

பீரோ என்பது வெறும் தகரப் பெட்டி இல்லை. பெண்ணுக்குச் சீராகப் போவது. பட்டும் நகையும் அதில்தான் இருக்கப் போகின்றன. அதன் கதவு வெளுத்துப்போய் வந்து இறங்கினால் மாப்பிள்ளை வீட்டார் முகம் வெளுக்கும். அதனால் பட்டறையில் ஒரு வழக்கம் வந்தது. கல்யாணப் பீரோவுக்கு முதல் கோட்டு யார் அடித்தாலும் கடைசிக் கோட்டு பாய் கையால்தான். வாங்க வருகிறவர்களிடம் உதயகுமாரே அதைச் சொல்லி விற்றார். ஆவடியிலிருந்து வந்த ஒரு அம்மாள், "பாய் கை பட்டதுதானே?" என்று தாட்சாயிணியிடமே கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு அவள் எமரித் தாளை எடுத்துக்கொண்டு திரும்பினாள். பள்ளிக்கூடத்துக்கும் ஹாஸ்டலுக்கும் போகிற சாம்பல் நிற அலமாரிகள் அவளுக்கு ஒதுக்கப்பட்டன. சாம்பலில் வெளுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது.

பொறாமைப்படுகிறவர்களைப்போல உன்னிப்பாகப் பார்ப்பவர்கள் உலகில் கிடையாது. நான்கு வருடமாக அவள் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டை அவர் எப்படித் திருப்புகிறார், கதவுக்கும் கன்னுக்கும் எத்தனை சாண் இடைவெளி விடுகிறார், ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எத்தனை முறை தாடியைத் தடவுகிறார் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி. எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். அவர் கன்னை அவர் வராத நேரத்தில் எடுத்து அடித்துப் பார்த்தாள். வெளுத்தது. இஞ்சி டீ குடித்துவிட்டு அடித்தாள். வெளுத்தது. அவர் அடிப்பதற்கு முன் உதடு அசைவதைக் கவனித்துவிட்டு, என்ன ஓதுகிறார் என்று தெரியாததால், தனக்குத் தெரிந்த எதையோ முணுமுணுத்துக்கொண்டு அடித்தாள். வெளுத்தது. ஒருநாள் விளையாட்டுபோல, "பாய், என் கன்னை ஒரு தடவை தொட்டுக் குடுங்க" என்று நீட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே தொட்டுக் கொடுத்தார். அவள் சிரிக்கவில்லை.

ஒன்றை மட்டும் அவள் பார்க்கவில்லை. அவள் மட்டுமல்ல, பட்டறையில் யாருமே பார்க்கவில்லை. சித்திரையிலும் ஆனியிலும் அவள் அடித்த மெரூனும் பாய் அடித்த மெரூனும் ஒன்றுபோலவே இருந்தன. இந்தக் கைராசி கார்த்திகையில் பிறந்து தை முடியும்போது ஓய்ந்துவிடும். ராசிக்கு எதற்குப் பருவம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நம்பிக்கை என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் கேள்வி கேட்கிறவர்தான் குற்றவாளி.

இந்த மார்கழியில் அவள் அடித்த மூன்று பீரோ வரிசையாக வெளுத்தன. மூன்றாவதைப் பார்த்துவிட்டு உதயகுமார் சொன்னார்: "தை பொறந்ததும் கன்னை பாய்கிட்டயே உட்டுடு. நீ எமரி பாரு. எமரியில உன்னை அடிச்சிக்க ஆளே கிடையாது."

பாராட்டுபோலச் சொன்னார். எட்டு வருடம் கன் பிடித்த கை மறுபடியும் எமரிக்குப் போக வேண்டும். அதுவும் அந்த மனிதருக்கு வழிவிட்டு.

போகியன்றும் பட்டறை உண்டு. தை முதல் முகூர்த்தத்துக்கு நான்கு பீரோ அன்று மதியம் இரண்டு மணிக்குள் லாரியில் ஏறியாக வேண்டும். எதிலும் கடைசிக் கோட்டு ஆகவில்லை. பாயின் இரண்டு பஸ்ஸை நம்பினால் நேரம் போதாது என்று உதயகுமார் விடியற்காலையிலேயே தன் பைக்கில் பூந்தமல்லிக்குப் போய் அவரை அழைத்துவந்தார். வேலப்பன்சாவடியிலிருந்து ஹெட்லைட் போட்டுக்கொண்டு மாட்டுவண்டி வேகத்தில் வந்ததாகச் சொன்னார். முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கைத் தவிர வேறொன்றும் தெரியவில்லையாம்.

அப்படித்தான் இருந்தது அன்றைய பனி. மழைக்காலம் முடிந்து அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் நிரம்பிக் கிடந்தன. ஈர மண். இரவெல்லாம் மேகமில்லாத வானம், காற்றே இல்லை. பகலில் வாங்கிய சூட்டைத் தரை வானத்துக்கு விட்டுக்கொடுத்துக் குளிர, தரையைத் தொட்டுக்கொண்டிருந்த காற்றும் குளிர்ந்தது. சூடான காற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் நீராவி, காற்று குளிர்ந்தால் அப்படியே இருக்க முடியாது. துளியாக மாறியே தீரும். மாறுவதற்கு அதற்கு ஒட்டிக்கொள்ள ஏதாவது ஒரு பொடி வேண்டும். கடலிலிருந்து வந்த உப்போ, தெருவின் தூசியோ, புகையின் கரியோ. போகியன்று விடியற்காலையில் ஊர் முழுக்கப் பழைய கோரைப்பாயும், எரிக்கக்கூடாது என்று சொல்லச் சொல்ல டயரும் எரிகின்றன. கோடிக்கணக்கான கரித்துகள்கள். ஒவ்வொன்றின்மேலும் ஒரு துளி. வானத்தில் இருந்தால் இதைத்தான் மேகம் என்கிறோம். மேலே ஏறுகிற காற்று விரிந்து குளிர்வதால் அங்கே அது உண்டாகிறது. மார்கழியில் ஏறவேண்டிய அவசியமில்லை. மேகம் தெருவிலேயே உட்கார்ந்துகொள்கிறது.

ஆறரை மணிக்கு பாய் முதல் கதவை அடித்தார். தாட்சாயிணி எமரித் தாளோடு இரண்டடி தள்ளி நின்றாள். அவர் கை போகிற அழகைப் பார்த்தாள். மேலிருந்து கீழே வராமல், இடமிருந்து வலமாக, ஒரு பட்டையின் பாதிமேல் அடுத்த பட்டை ஏறுகிற மாதிரி. அவளுக்கு அது வராது. அவள் நெஞ்சுக்குள் வேண்டிக்கொண்டாள். எந்தச் சாமியிடம் என்று அவளுக்கே தெரியாது. வெளுக்கட்டும். ஒரே ஒருமுறை இவர் அடித்ததும் வெளுக்கட்டும்.

வெளுத்தது.

முதலில் மேல் மூலையில், பிறகு கைப்பிடி ஓரத்தில், பிறகு கதவு முழுவதும். பாய் கன்னை இறக்கிவிட்டு நின்றார். கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வெல்டர் ஜெகதீஷ் எதையும் கிண்டலாகவே பேசுகிறவன். அவன்தான் வாயைத் திறந்தான். "இன்னா மாமே இது, பாய் அடிச்சதே வெளுத்துகினு கீது. அக்கா பக்கத்துலயே நின்னு முறைச்சிகினு இருந்துச்சு. கண்ணு பட்டுச்சு போ."

அவன் சிரித்தான். உதயகுமார் சிரிக்கவில்லை. அவர் முகம் தாட்சாயிணியின் பக்கம் திரும்பியபோது அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். ஏனென்றால் ஜெகதீஷ் சொன்னதில் பாதி உண்மை. அவள் முறைத்துக்கொண்டுதான் நின்றாள். வெளுக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். நினைத்தது நடந்துவிட்டது.

இரண்டாவது கதவுக்கு அவளை வெளியே போகச் சொன்னார் உதயகுமார். பாய் அடித்தார். அதுவும் வெளுத்தது. பட்ட கண் பட்டதுதான் என்றார் அவர். உப்பும் மிளகாயும் வாங்கிவரச் சொல்லி, கதவுக்கும் கன்னுக்கும் பாயின் கைக்கும் சேர்த்துச் சுற்றி, வாசலில் நெருப்பில் போட்டார்கள். மிளகாய் நெடியில் எல்லோரும் இருமினார்கள். இருமல் வந்ததால் திருஷ்டி அதிகமில்லை என்று ஒரு கட்சி, இவ்வளவு இருமல் வந்ததால் அதிகம் என்று இன்னொரு கட்சி. பாய் கையை நீட்டிக்கொண்டு நின்றார். தன் ராசி போய்விட்டது என்பதைவிட ஒருத்தியின் கண் அதைக் கெடுத்துவிட்டது என்பது அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

"பொங்கலுக்கு அப்பறம் நீ வரவேணாம். எமரிக்கும் வேணாம்" என்றார் உதயகுமார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னார். அதுதான் இன்னும் மோசம்.

ஒரு பெண்ணின் கண்ணுக்கு இரும்புக் கதவை வெளுக்கவைக்கும் சக்தி இருந்தால், அவள் பதினோரு வருடம் அந்தக் கூலியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாளா? இதை அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை. சில்லறைக்குக் கிடைக்கிற, சட்டென்று பறந்துவிடுகிற மட்டமான தின்னரை டின் டின்னாக வாங்கிப் போடுகிற முதலாளியின் கைக்கு ராசி உண்டா இல்லையா என்றும் யாரும் பார்க்கவில்லை. கண்ணேறு எப்போதும் கூலி வாங்குகிறவர்களிடம்தான் இருக்கிறது.

தாட்சாயிணி வாசலுக்கு வெளியே உட்கார்ந்து, வழக்கம்போலத் தன் கன்னைக் கழுவினாள். அதன் கிண்ணத்தில் தின்னரை ஊற்றி, காற்றுக் குழாயை மாட்டி, வெற்றுவெளியில் பீய்ச்சினாள். எட்டு வருடமாகச் செய்கிற வேலை. தின்னர் ஆவியாகிப் பறக்கும்போது கிண்ணம் சில்லென்று ஆகும், விரல் மரத்துப்போகும். அன்றும் ஆயிற்று. சேலை முந்தானையால் கிண்ணத்தின் வெளிப்புறத்தைத் துடைத்தாள். மறுபடி பீய்ச்சினாள். துடைத்த இடத்தில் மூச்சு விட்டதுபோல ஒரு மங்கல் படிந்தது. விரலால் தொட்டாள். தண்ணீர்.

டீக்கடையில் ஐஸ் தண்ணீர் டம்ளர் வெளியே வேர்க்குமே, அதேபோல.

அவள் அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தையும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, துடைத்துவிட்டுப் பீய்ச்சினாள். தடவிப் பார்த்தாள். ஈரம். கண் மூடியிருக்கும்போதும் வேர்த்தது. அவள் யார் மேலும் பொறாமைப்படாத நேரமும் அதுதான்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? அது அவளுக்குத் தெரியும். தினமும் கம்ப்ரசரின் அடித்திருகைத் திறப்பவள் அவள். சித்திரையில் எச்சில் துப்பியதுபோல நாலு சொட்டு வரும். மார்கழியில் கால் பக்கெட் வரும். தொட்டிக்குள் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றைத்தான் அடைத்தார்கள். காற்றில்தான் தண்ணீர் இருக்கிறது. இப்போது நிறைய இருக்கிறது. தின்னர் பறந்தால் தகரம் குளிர்கிறது. குளிர்ந்த தகரத்தின்மேல் காற்றின் தண்ணீர் படிகிறது. ஈரம் காயாத பெயின்ட்டோடு கலக்கிறது. வெளுக்கிறது.

பீரோ கதவின்மேல் ஒரு மேகம் இறங்குகிறது. அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ஆனால் கண்டுபிடித்தது அதைத்தான்.

உள்ளே மூன்றாவது கதவும் வெளுத்து, உதயகுமார் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவள் போய் அவர் எதிரில் நின்றாள்.

"மொதலாளி, நான் வெளிய இருந்தேன். சுத்தியும் போட்டீங்க. அப்பறம் ஏன் வெளுத்துச்சு?"

அவர் வெளுத்த கதவைப் பார்த்தார்.

"வெயில் வரட்டும். கதவை எல்லாம் வெயில்ல சாத்தி வெச்சு, தொட்டா சுடற மாதிரி ஆனப்பறம் பாய் அடிக்கட்டும். நான் பக்கத்துலயே நிக்கறேன். கண்ணை சிமிட்டாம முறைச்சிகினே நிக்கறேன். வெளுத்தா இந்தப் பக்கமே வரமாட்டேன். வெளுக்கலைன்னா கன் எங்கிட்ட இருக்கும்."

"வவுத்தெரிச்சலை வாயால வேற சொல்லுதுபா அக்கா" என்றான் ஜெகதீஷ்.

"ஆமாடா, வவுத்தெரிச்சல்தான். இல்லன்னு யாரு சொன்னது? அது என் வவுத்துல எரியுது. கதவுல ஏன் எரியணும்?"

உதயகுமார் சம்மதித்தது அவளை நம்பி அல்ல. வேறு வழியில்லை. இப்போது அடித்தால் எப்படியும் வெளுக்கிறது.

அதற்குப் பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. எட்டரை ஆயிற்று. எதிர்க்கடையின் பெயர்ப் பலகையில் முதல் எழுத்து தெரிந்தது. ஒன்பதுக்கு மொத்தப் பெயரும் தெரிந்தது. ஆனால் வெயில் இல்லை. தரையை விட்டு எழும்பிய பனி, கூரைகளுக்கு மேலே போய்க் கலையாமல், ஒரே சாம்பல் துணியாக விரிந்து நின்றது. அவளுக்கு இதுவும் தெரியும். சில மார்கழி நாட்களில் பனி எழுந்து தாழ்ந்த மேகமாகி மதியம்வரை அப்படியே மூடிக்கொண்டிருக்கும். அப்படி ஆகிவிட்டால் தகரம் சுடாது, காற்று உலராது, பாய் அடிப்பது வெளுக்கும். அவள் சரியாகச் சொல்லியும் தோற்பாள். ஒன்பதரைக்குச் சந்தின் கோடியில் இன்னும் யாரோ எதையோ எரித்தார்கள். ஓடிப்போய் அணைத்துவிடலாமா என்று இருந்தது.

பத்து மணிக்கு மேல் சாம்பல் துணியில் ஒரு வெள்ளை வட்டம் தெரிந்தது. நேராகப் பார்க்கக்கூடிய சூரியன். அது மெல்ல மெல்லப் பார்க்க முடியாததாக ஆயிற்று. பத்தே முக்காலுக்குச் சுவரில் அவளுடைய நிழல் விழுந்தது. நிழலைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அதற்குமுன் வந்ததில்லை.

கதவுகளைச் சாய்த்து வைத்தார்கள். அரைமணி நேரம் கழித்து உதயகுமாரே தொட்டுப் பார்த்து விரலை இழுத்துக்கொண்டார். பாய் கன்னை எடுத்தார். தாட்சாயிணி இரண்டடி கூடத் தள்ளாமல் பக்கத்தில் நின்று முறைத்தாள். நடிக்கவில்லை. அவர் மணிக்கட்டு திரும்பும்போது அவளுக்கு உண்மையிலேயே எரிந்தது. எனக்கு ஏன் இது வரவில்லை என்று எரிந்தது. நான்கு வருடப் பொறாமையையும் கண்ணில் வைத்துப் பார்த்தாள்.

வெளுக்கவில்லை. கதவு முழுக்க மெரூன். அதில் ஜெகதீஷின் முகம் தெரிந்தது. அவன் பல்லைக் காட்டிப் பார்த்துக்கொண்டான்.

உதயகுமார் கையெடுத்துக் கும்பிட்டார். "சுத்திப் போட்டது நல்லதாப் போச்சு. கொஞ்சம் லேட்டா வேலை செஞ்சிருக்கு."

தாட்சாயிணிக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. இவர்களிடம் எதைக் காட்டித்தான் நிரூபிப்பது? பனியைக் கலைத்த சூரியனுக்குக் கிடைக்காத பெயர் அரைப்பிடி மிளகாய்க்குக் கிடைத்துவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் பாய் பேசினார். கன்னைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மொதலாளி, நான் தெனம் பத்தேகாலுக்கு வர்ற ஆளு. அப்ப வெயில் இருக்கும். இந்தம்மா ஏழு மணிக்குப் பனியில அடிக்குது. டிங்கரிங் கடையில இருந்தப்ப எங்க உஸ்தாது மார்கழியில பத்து மணிக்கு முன்ன கன்னைத் தொட உடமாட்டாரு. இவ்ளோதான். என் கைராசி வேற ஒண்ணுமில்ல, ரெண்டு பஸ்ஸு."

அப்படியா என்றார் உதயகுமார். உடனே நம்பினார். ஆமாம்பா, இத்தனை வருடமும் காலையில் அடித்ததுதான் வெளுத்தது என்று தானே எடுத்துக்கொடுத்தார். இனிமேல் பனிக்காலம் முடியும்வரை பத்து மணிக்கு மேல்தான் பெயின்ட் என்று சட்டமும் போட்டார். அவளிடம் கன்னைக் கொடுத்து, மீதிக் கதவுகளை இரண்டு பேரும் சேர்ந்து முடிக்கச் சொன்னார். வரவேண்டாம் என்று சொன்னதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கன் கைக்கு வந்துவிட்டது. அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாய்க்கு இது முன்பே தெரியும். நான்கு வருடமாகத் தெரிந்தும் பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். அவள் காலையெல்லாம் வேலையைப் பணயம் வைத்துக் காட்டியதை யாரும் நம்பவில்லை. அவர் இரண்டு வரியில் சொன்னதும் நம்பிவிட்டார்கள். இதுவும் அவருக்கே கிடைத்துவிட்டது, உண்மையைச் சொன்ன பெயர்.

"முன்னயே சொல்லியிருக்கலாமே பாய்" என்றாள்.

"யாரும்மா கேட்டாங்க? ராசின்னாங்க. கேக்க நல்லா இருந்துச்சு." கன்னில் பெயின்ட்டை ஊற்றிக்கொண்டே, "தப்புதான்" என்றார்.

பக்கத்துப் பக்கத்தில் நின்று அடித்தார்கள். ஒரே வெயில், ஒரே தின்னர், ஒரே மெரூன். அவளுடையதும் வெளுக்கவில்லை. ஆனால் அவள் அடித்த கதவில் கைப்பிடிக்குக் கீழே பெயின்ட் ஒரு கோடாக லேசாக வழிந்திருந்தது. அவருடையதில் இல்லை. இதற்குக் காற்றைக் குற்றம் சொல்ல முடியாது. ராசியையும் சொல்ல முடியாது. அவர் நல்ல பெயின்டர், அவ்வளவுதான். மற்ற எதையும்விட அதுதான் அவளுக்கு ஆழமாக எரிந்தது. அந்த எரிச்சல் கொஞ்சம் சுத்தமாகவும் இருந்தது.

உதயகுமார் புதுச் சட்டத்தை மறுபடி விளக்கிக்கொண்டிருந்தார். அவள் ஏழு மணிக்கு வந்து திறந்து எமரி பார்ப்பாள், பத்து மணிக்கு பாய் வந்ததும் இருவரும் அடிப்பார்கள்.

"ஒரு வாரம் நான் ஏழு மணிக்கு வரேன்" என்றாள் தாட்சாயிணி. "ஒரு வாரம் பாய் வரட்டும். அந்த வாரம் நான் பத்து மணிக்கு வருவேன்."

பட்டறையில் யாருக்கும் இது தோன்றியிருக்கவில்லை.

"நானா? பூந்தமல்லியிலேந்து ஏழு மணிக்கா?" என்றார் பாய்.

"ராசியான கை கம்ப்ரசர் தண்ணியை வடிச்சா இன்னும் சுத்தமா வடியும் பாய்."

ஜெகதீஷ் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுச் சிரித்தான். உதயகுமார் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இருவரும் பெயின்டர் என்றால் இதை மறுக்க அவரிடம் காரணம் இல்லை. காரணம் இல்லாமல் மறுக்கலாம்தான். ஆனால் அன்று காலையே அதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டார். தை முழுக்க அப்படிச் செய்து பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். கூலியைப்பற்றி அவள் கேட்பதற்கு முன் அங்கிருந்து நகர்ந்துவிட்டார். அதை அவள் பொங்கல் கழித்துக் கேட்பதாக இருக்கிறாள்.

இரண்டு மணிக்கு லாரி வந்தது. வானம் நல்ல நீலம். தொழிற்பேட்டைக் கூரைகளின் சூட்டில் எழுந்த காற்று உயரத்தில் குளிர்ந்து, சின்னச் சின்ன வெள்ளை மேகங்களாக அங்கங்கே பூத்திருந்தது. நான்கு பேரும் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து பீரோக்களை ஏற்றினார்கள். மூன்றாவதைத் தூக்கும்போது பாயும் அவளும் அடிப்பக்கம். பாதி ஏறியதும் அவர் மூச்சு வாங்கினார்.

"சரி, முத வாரம் நீ வா. ரெண்டாவது வாரம் நான்" என்றார்.

"முத வாரம் நீங்க. நான் பதினோரு வருஷம் வந்துட்டேன்."

பாரம் இரண்டு பேர் தோளிலும் இறங்கிக்கொண்டிருந்தது. யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்காமல் அதை மேலே தள்ள முடியாது. பாய் பல்லைக் கடித்துக்கொண்டு முதலில் தள்ளினார்.

"முத வாரம் நான்" என்றார். "ஆனா அந்தத் திருகு எந்தப் பக்கம் திரும்பும்னு பொங்கல் கழிச்சு வந்து காட்டு."

"எத்தினி மணிக்கு?"

"பத்து மணிக்கு வா" என்றார் பாய்.